மூன்று பெண்கள், மூன்று கதவுகள், கையில் எவ்வளவு காசு?

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகளில் யாரையும் அண்டி நிற்காத பெண் யார் என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர்தான் முதலில் விழும். ஒன்று சார்லட் பிராண்டே எழுதிய 'ஜேன் ஐர்' நாவலின் ஜேன், இன்னொன்று நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் வரும் நோரா. மூன்றாவதாக நான் ஹெலன் என்று சொன்னால் "எந்த ஹெலன், ட்ராய் ஹெலனா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். சார்லட் பிராண்டேயின் தங்கை ஆன் பிராண்டே 1848ல் எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலின் ஹெலன். மூவரும் ஒரு வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள், அதனால் ஒப்பிடலாம். ஆனால் யார் எவ்வளவு வீராவேசமாகப் பேசினாள் என்று பார்த்துப் பயனில்லை. கிளம்பும்போது கையில் என்ன இருந்தது, மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன வழி, சட்டம் யார் பக்கம் இருந்தது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது.

முதலில் ஜேன். 1847ல் வந்த நாவல். பெற்றோர் இல்லாதவள், லோவுட் பள்ளியில் வருடம் 15 பவுண்டுக்கு ஆசிரியை. அங்கே மூச்சு முட்டவே தானே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தோர்ன்ஃபீல்ட் வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையை 30 பவுண்டுக்குப் பிடிக்கிறாள். அந்த வீட்டு எஜமான் ரோசெஸ்டருடன் கல்யாணம் நிச்சயமானதும் அவன் பட்டும் நகையுமாக வாங்கித் தரத் தொடங்க, இவளுக்குக் கூசுகிறது. சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாமே என்று மடீரா தீவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தால்தான் ரோசெஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கும் விஷயம் சர்ச்சில் வைத்து உடைகிறது, கல்யாணம் நிற்கிறது. காதல் கதை என்று சொல்லிப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ நாவலின் அச்சாணியே இதுதான்.

அவள் கிளம்பும்போது பையில் 20 ஷில்லிங். வண்டிக்காரன் கேட்டது 30. சரி, இருப்பதைக் கொடு என்று ஏற்றிக்கொண்டு, காசு தீர்ந்த இடத்தில் நடுவழியில் இறக்கிவிடுகிறான், துணி மூட்டையும் வண்டியிலேயே போய்விடுகிறது. அதன் பிறகு கையுறையைத் தருகிறேன், ஒரு ரொட்டி கொடுங்கள் என்று கடையில் கெஞ்சுவதும், பன்றிக்குக் கொட்டப் போன ஆறிய கஞ்சியை வாங்கித் தின்பதுமாக வரும் பக்கங்கள், சுதந்திரம் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே நேர்மையான பக்கங்கள்.

ஆனால் அவளைக் காப்பாற்றுவது அந்தச் சித்தப்பாவின் உயில். 20,000 பவுண்டு வருகிறது. அதை மூன்று உறவினர்களோடு சரிசமமாய் நாலு பங்கு போட்டு, தனக்கு 5,000 வைத்துக்கொண்டு, நான் இனி யாரையும் நம்பி இல்லை என்று ரோசெஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். நடுவில், என் மனைவியாக இந்தியாவுக்கு வா, மதப்பணி செய்யலாம் என்று அழைத்த, அந்த உறவினர்களில் ஒருவனான செயின்ட் ஜானிடம் "தங்கையாக வேண்டுமானால் வருகிறேன், மனைவியாக மாட்டேன்" என்று சொன்னதற்கு அவளுக்குத் தனியாக ஒரு சபாஷ்.

இங்கே ஒரு சிக்கல். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் ஆன நொடியில் மனைவியின் ரொக்கம் புருஷனுடையது. தனிப் பத்திரம் எழுதி வைத்தால்தான் தப்பும், 1882 வரை பெரும்பாலும் இதுதான் நிலை. இதே நாவலில் மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் அந்த முதல் மனைவி பெர்த்தா 30,000 பவுண்டு சீரோடு வந்தவள். அவள் பணம் எங்கே போனது என்று நாம் கண்ணால் பார்த்த பிறகு, பெர்த்தா இறந்ததும் ஜேன் தன் 5,000 பவுண்டோடு அதே மனிதனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பத்திரம் எதையும் நாவல் காட்டவில்லை. சார்லட் மட்டும் 1854ல் தன் கல்யாணத்துக்கு முன்பு தன் பணத்துக்குப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டார். கதாநாயகியைவிட ஆசிரியர் விவரமானவர்.

நோரா 1879ல் வருகிறாள். நாவல் இல்லை, நாடகம். ஆனாலும் இந்தப் பேச்சில் அவளை விட முடியாது. நோயாளிப் புருஷனைப் பிழைக்க வைக்க 4,800 குரோனர் கடன் வாங்குகிறாள், மனைவி தானாகக் கடன் வாங்க முடியாது என்பதால் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு. அப்பா இறந்து மூன்று நாள் கழிந்த தேதியில் அந்தக் கையெழுத்து! கடனை அடைக்க ராத்திரியில் ஒளிந்து உட்கார்ந்து பிரதி எடுக்கும் வேலை பார்த்தபோது, ஆம்பிளை மாதிரி இருந்தது என்று தோழியிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள். கடைசியில் புருஷன் தரும் உதவியை மறுத்து, மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். திரை விழுகிறது. அடுத்த நாள் காலை? அது இப்சனுக்குத் தேவைப்படவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு, கதவு சாத்தும் சத்தம் கம்பீரம்தான், ஆனால் வாடகை கொடுக்கும் காட்சி இல்லை.

அதே சமயம் அந்தச் சத்தத்துக்கே ஊர் தாங்கவில்லை. ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, நான் என் குழந்தைகளை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்ல, வேறு யாராவது எழுதிக் கெடுப்பதற்குப் பதில் தானே எழுதலாம் என்று இப்சன் மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளைக் காட்டியதும் நோரா நின்றுவிடுவாள். அதை அவரே காட்டுமிராண்டித்தனம் என்றார். நோராவுக்கு அச்சாக இருந்த லௌரா கீலர் நிஜத்தில் கதவைச் சாத்தவில்லை. புருஷனின் வைத்தியத்துக்குக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டதும் அவரை மனநல விடுதியில் சேர்த்தார்கள், பிள்ளைகளைப் பிரித்தார்கள், பிறகு அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்.

இப்போது ஹெலன். என் ஓட்டு இவளுக்கு, மறைக்கவில்லை. கதை 1820களில் நடக்கிறது. புருஷன் ஹண்டிங்டன் குடிகாரன், ஊர் மேய்கிறவன். அதைக்கூடச் சகித்தவள், தன் சின்ன மகனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்துக் கெட்ட வார்த்தை பழக்குகிறான் என்றதும்தான் கிளம்ப முடிவெடுக்கிறாள். படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று மாதக்கணக்கில் திட்டம் போடுகிறாள். அவன் அவளுடைய டைரியைப் பிடுங்கிப் படித்து, சாவியை வாங்கி, தூரிகைகளையும் வண்ணங்களையும் நெருப்பில் போடுகிறான். அடித்தானா என்றால் இல்லை, அவள் சம்பாதிக்கும் வழியைக் கொளுத்துகிறான். இதைப் புரிந்து எழுத 28 வயது ஆனுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது முறை உடன்பிறந்தவன் உதவியோடு, மகனையும் பழைய வேலைக்காரம்மா ரேச்சலையும் கூட்டிக்கொண்டு தப்பிக்கிறாள். பாழடைந்த வீடு, பொய்ப் பெயர். படத்தில் பொய் முதலெழுத்து, ஊர்ப் பெயரும் பொய், லண்டனில் விற்பனை. ஏன் இத்தனை பொய் என்றால் சட்டப்படி அவள் விற்ற படத்தின் காசு அவனுடையது, குழந்தையும் அவனுடையது. ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைக்காகத் தாய் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற சட்டமே 1839ல்தான் வந்தது. ஆக அவள் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் திருட்டுக் கணக்கு. பிள்ளை பாரம் ஜேனுக்கு இல்லை, நோரா விட்டுவிட்டுப் போனாள், இவள் தூக்கிக்கொண்டு போய் தூரிகையால் சோறு போட்டாள். அக்கம்பக்கம் சும்மா இருக்குமா, தனியாக இருக்கும் பெண் என்றதும் கதை கட்டுகிறது, பிள்ளையை முந்தானையில் முடிந்து வளர்க்கிறாயே என்று பாதிரியார் வரை புத்தி சொல்கிறார்கள்.

குறை இல்லையா, உண்டு. சாகக் கிடக்கும் அதே புருஷனுக்குப் பணிவிடை செய்யத் திரும்பிப் போகிறாள், அப்புறம் இவளுக்கும் ஒரு மாமா சொத்து வந்து விழுகிறது, மறுகல்யாணமும் உண்டு. பிராண்டே வீட்டில் மாமா சித்தப்பா இல்லாமல் எந்தப் பெண்ணும் கரையேற மாட்டாள் போலிருக்கிறது. ஆனால் அந்தச் சொத்து வரும் முன்பே அவள் தன் காசில் வாழ்ந்து காட்டிவிட்டாள். ஜேன் வீட்டை விட்டு வந்த பிறகு கிடைத்த ஒரு கிராமப் பள்ளிக்கூட வேலையில் சில மாதம் இதைச் செய்தாள், நோராவுக்கு மேடையில் நேரமே கிடைக்கவில்லை. கதவுக் கணக்கிலும் ஹெலன்தான் முன்னே. புருஷன் முகத்துக்கு எதிரே அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தியது விக்டோரியா காலம் முழுக்க எதிரொலித்தது என்று 1913ல் எழுத்தாளர் மே சின்க்ளேர் எழுதினார், நோராவுக்கு 31 வருடம் முந்தைய கதவு அது.

பிறகு ஏன் பெயர் தெரியவில்லை? 1849ல் ஆன் இறந்த பிறகு, இந்த நாவலைக் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை என்று மறுபதிப்பைத் தடுத்தது அக்கா சார்லட்தான். அவர் கண்மூடும் சமயத்தில் வந்த மலிவுப் பதிப்போ நிறைய வெட்டுப்பட்டது, அந்தப் பிரதியைப் பார்த்து அச்சடித்தவை இன்றும் கடைகளில் கிடக்கின்றன. வாங்குவதற்கு முன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஹால்ஃபோர்ட் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தோடு ஆரம்பித்தால் முழுசு, எடுத்த எடுப்பில் 1827ஆம் வருட இலையுதிர்காலத்துக்குப் போனால் வெட்டுப்பட்டது.