1649, 1688: எது பெரிய புரட்சி?

1649 ஜனவரி 30, லண்டனில் கடுங்குளிர். உடல் நடுங்கினால் அச்சம் என்று கூட்டம் நினைத்துவிடும் என்பதால் இரண்டு சட்டை அணிந்து வெட்டுமேடை ஏறினார் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ். சொந்த மன்னரைப் பகிரங்கமாக விசாரித்துக் கொன்றதோடு, முடியாட்சியையும் பிரபுக்கள் சபையையும் ஒழித்தது, படை தன் எதிர்ப்பாளர்களை வெளியேற்றி வடிகட்டிய நாடாளுமன்றம். ஐரோப்பாவே அதிர்ந்தது. ஆனால் வாள்பலத்தில் நின்ற அந்தக் குடியரசு, அதன் தலைவரான படைத்தளபதி கிராம்வெல் இறந்தபின் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1660-இல் சார்லஸின் மகன் முடிசூட வந்தார். பிரபுக்களும் ஆயர்களும் கூடவே திரும்பினார்கள்.

1688-இல் ஜேம்ஸ் மன்னரின் மருமகனும் டச்சுத் தலைவருமான வில்லியம், டச்சுப் படையோடு இங்கிலாந்தில் கரையிறங்கினார். முதலாம் சார்லஸின் மற்றொரு மகனான அந்த இரண்டாம் ஜேம்ஸ், அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டுத் தப்பியோடினார். தந்தையின் கதி அவருக்கு மறந்திருக்காது. அரியணை, சபைகள், திருச்சபை எல்லாம் அப்படியே நீடித்தன. ஆனால் 1689-இன் உரிமைச் சட்டம் மன்னரின் கையைக் கட்டிப்போட்டது: நாடாளுமன்ற ஒப்புதலின்றி வரியும் இல்லை, சமாதான காலத்தில் நிரந்தரப் படையும் இல்லை. அன்றுமுதல் நாடாளுமன்றம் கூடாத ஆண்டே கிடையாது.

ஆழமான மாற்றம் 1688-தான் என்பேன். ஆனால் அதை ‘ரத்தம் சிந்தாத புரட்சி’ என்று புகழ்வதை என்னால் ஏற்க முடியாது. 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் நதிக்கரையில் அதே வில்லியமும் ஜேம்ஸும் நேருக்கு நேர் மோதினார்கள்.