சிம் யாருடைய பெயரில் இருக்கிறது? மலையக உறவுகளே, இன்றே பாருங்கள்

அட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் கைப்போன் பணக் கணக்கு துடைத்தெடுக்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசு. அக்கா ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லவில்லை, போனும் கையில்தான் இருந்தது.

சிம் சம்பள நாளில் டவுனில் குடை போட்டு விற்றவரிடம் வாங்கியது. அடையாள அட்டை கொண்டுவரவில்லை என்றதும் "பரவாயில்லக்கா" என்று வேறொருவரின் அட்டையில் பதிந்து கொடுத்துவிட்டார். அந்தப் பெயருக்குரியவர் அதே நம்பருக்கு மாற்றுச் சிம் எடுத்தார், ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் உறுதிப்படுத்தும் எண்) அவருக்குப் போனது, ரகசிய எண் மாறியது, காசும் போனது. முறையிடப் போன அக்காவுக்குக் கிடைத்த பதில்: "நம்பர் உங்கட பேர்ல இல்ல, விவரம் சொல்ல ஏலாது." விற்கும்போது கேட்காத அடையாள அட்டையைக் காசு போன பிறகு கேட்பது அநியாயம்.

வீட்டுத் தொலைபேசி லைன் வழியாக டயல்-அப் இன்டர்நெட் எடுத்த காலத்திலும் சில சேவைகள் பாஸ்வேர்ட் கேட்காமல், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் அழைப்பு இலக்கத்தை வைத்தே வாடிக்கையாளரை அடையாளம் கண்டன. ஆனால் 051 என்று தொடங்கும் நம்ம பக்க வீட்டு லைனின் கம்பி அந்த வீட்டுச் சுவரோடு இருந்தது. கைப்போன் நம்பர் அப்படியல்ல. சிம்முக்குள் இருப்பது 413 என்று தொடங்கும் ஐஎம்எஸ்ஐ எண், அதாவது கம்பனி அந்தச் சிம்மை அடையாளம் காணும் எண். அது எந்த நம்பருக்கு உரியது என்பது கம்பனிக் கணினியில் உள்ள பதிவு. மாற்றுச் சிம் கொடுத்ததும் பதிவு மாறும், பழைய சிம் செத்துவிடும்.

நம்ம பக்கம் மழைக்கும் கரண்ட் வெட்டுக்கும் சிக்னல் போவது வழக்கம். அதனால்தான் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்து லயத்தில் அதே கம்பனி போனுக்குச் சிக்னல் இருந்து, உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் சிம்மைக் கழற்றிப் போட்டு, போனை அணைத்து மறுபடி ஆன் பண்ணுங்கள். பிறகு வேறு போனிலிருந்து உங்கள் நம்பருக்கு எடுங்கள். அங்கே மணி அடித்து, உங்கள் போன் சும்மா இருந்தால், பெரும்பாலும் நம்பர் இன்னொரு சிம்மில் ஓடுகிறது. உடனே பணக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள்.

அடையாள அட்டையோடு கம்பனிக் கிளைக்கே போய் நம்பர் யார் பெயரில் என்று கேளுங்கள். வேறு பெயரென்றால், அவரையும் கூட்டிப்போய் மாற்றலாம். ஆளே தெரியாவிட்டால் உங்கள் பெயரில் புதுச் சிம் எடுங்கள். முதலில் பணக் கணக்கில் உள்ள காசை வெளியே எடுத்து, வங்கியில் நேரில் நம்பரை மாற்றி, வாட்ஸ்அப்பிலும் மாற்றிய பிறகே பழையதை விடுங்கள். சிம்முக்குப் போடும் பூட்டு எண் (சிம் PIN) போன் திருட்டுப் போனால்தான் உதவும், மாற்றுச் சிம்மைத் தடுக்காது.

சிம் கழற்றிய அட்டையை வீசாதீர்கள். அதில் 8994 என்று தொடங்கும் நீண்ட எண், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது எந்தச் சிம் உங்களிடம் இருந்தது என்று காட்டும்.