நீதிபோதனை பீரியடா, பாடத்தோடு சேர்த்தா, ஒருநாள் முகாமா?

8 முதல் 10-ஆம் வகுப்பு வரை வாழ்க்கைத் திறன்களைக் கற்றுத்தர, சென்னைப் பள்ளிகளுக்கு மூன்று வழிகள் உண்டு.

நடத்த எளிது ஒருநாள் முகாம். வெளியிலிருந்து ஆலோசகர் வருவார், ஹாலில் 200 பேர் உட்காருவார்கள். அத்தனை பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் மனதில் உள்ளதைக் கேட்காது. பருவ வயது மாற்றங்கள், போதைப்பொருள் என்று ஆசிரியர்கள் பேசத் தயங்கும் தலைப்புகளுக்கு மட்டும் ஆலோசகரை அழைக்கலாம். அதுவும் வகுப்பு வகுப்பாக.

பாடத்தோடு சேர்த்தால் நேரம் பறிபோகாது. ஆனால் மதிப்பெண் இருக்கும் இடத்தில், ஆசிரியருக்குப் பிடித்த விடையைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள்.

எங்கள் ஓட்டு வாராந்திர நீதிபோதனை பீரியடுக்கு. எதிரி வேறு யாருமில்லை, போர்ஷன் முடிக்க அதைக் கேட்டு வாங்கும் கணக்கு ஆசிரியர்தான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் போட்டால் முதல் மாதத்திலேயே போய்விடும். வாரத்தின் நடுவில், வகுப்பாசிரியர் பொறுப்பில் போடுங்கள்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: சூழலைச் சொல்ல 5, குழுவாகப் பேச 12, நடித்துக் காட்ட 10, வகுப்பாக அலச 13, மனதில் உள்ள கேள்வியைச் சீட்டில் எழுத 5. 29சி பஸ்ஸில் இடம் இருந்தும் படிக்கட்டில் தொங்கச் சொல்லும் நண்பர்களுக்கு ஒருவன் என்ன பதில் சொல்வான்? நட்பு முறியாமல் மறுக்க மூன்று வழிகளைக் குழுக்கள் நடித்துக் காட்டட்டும். “தொங்கினால் ஆபத்து” என்று ஆசிரியர் முடித்துவைத்தால் அது பழைய நீதிபோதனைதான். “உனக்கு நடந்ததைச் சொல்” என்றும் கேட்கக்கூடாது. கதாபாத்திரத்தை வைத்தே பேசவேண்டும். இல்லையென்றால் இடைவேளையில் கேலி தொடங்கிவிடும்.

சீட்டை எல்லோரும் எழுதவேண்டும். கேள்வி இல்லாதவர்கள் “கேள்வி இல்லை” என்றாவது எழுதினால்தான், யார் கேட்டது என்பது தெரியாமல் இருக்கும். தனியாகப் பேச விரும்புபவர் மட்டும் பெயர் எழுதட்டும். ஆனால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக்கூடாது. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு மட்டும் நிலைமை வேறு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எந்த பீரியடும் தப்பாது. அதனால் நவம்பர் வரை தனி பீரியட், பிறகு பாடத்தோடு சேர்த்துக்கொள்வதே நடக்கிற காரியம்.