உருக்கா, அலுமினியமா? மலைச் சாலைக்குச் சைக்கிள் சட்டம்

நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும் சைக்கிளைக் குழியும் பிரேக்கும் ஓயாமல் உலுக்குகின்றன. சட்டம் (ஃபிரேம்) எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: கைப்பிடிக்குக் கீழே, பெடல் பக்கம் இறங்கும் சாய்வுக் குழாயின் அடிப்பக்க ஒட்டு (வெல்டிங்). சேற்றைத் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். பெயின்டில் தலைமயிர் போலக் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் ஏறாதீர்கள்.

உருக்குக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குள் அடங்கிய அழுத்தம் எத்தனை முறை வந்தாலும் உலோகம் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது; சின்னச் சின்ன அடியும் கணக்கில் சேரும். அலுமினியத்தில் விரிசல் கண்டுவிட்டால் சட்டத்தை மாற்றுவதே நல்லது. உருக்கை நல்ல ஒட்டுக்காரர் பெரும்பாலும் காப்பாற்றிவிடுவார்.

ஆனால் எங்கள் மூடுபனி உருக்குக்கு எதிரி. சென்ற மழைக்காலம் முடிந்து சீட் தண்டைக் கழற்றிச் சைக்கிளைக் கவிழ்த்தேன். பால் கலக்காத பிளேன்டி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. துரு அரித்த குழியில்தான் விரிசல் தொடங்கும். அங்கே அந்த எல்லையை நம்ப முடியாது. அலுமினியத்துக்கு இந்தத் தலைவலி குறைவு. இருந்தும் தோட்டப் பாதைக்கு நான் உருக்கையே எடுப்பேன், எண்ணெய்த் துணியோடு.