எச்.ஓ. ரயிலா, 'என்' ரயிலா?

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு பலகைகள் கிடக்கின்றன. இரண்டிலும் மாதிரி ரயில்கள். ஒன்றில் எச்.ஓ. அளவு ரயில்: அசலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. மற்றதில் 'என்' அளவு: 160இல் ஒரு பங்கு, 9 மி.மீ.

இடத்தைப் பார்த்தால் சின்னதுதான் கெட்டிக்காரன். எச்.ஓ. வளைவுக்கு 18 அங்குல ஆரமாவது வேண்டும். ஒரு சுற்று வர நான்கடி அகலப் பலகை. 'என்' இரண்டடிக்குள் திரும்பிவிடும். சென்னை ஐ.சி.எஃப். ஆலையில் செய்த நம் நீல ரயில்பெட்டி எச்.ஓ.வில் ஏறக்குறைய 24.5 செ.மீ., சின்னதில் 13. ஆறு பெட்டிகளைக் கோத்தால் பெரியதில் ஒன்றரை மீட்டர்; அதற்கு ஜங்ஷன் நடைமேடை கட்டினால் எங்கள் அறைக்கதவைத் திறக்க முடியாது.

கைவேலைக்கு எச்.ஓ.தான். ஜன்னல் கம்பியைக்கூடத் தூரிகையால் தீட்டலாம். 'என்' பெட்டியைத் தடத்தில் ஏற்றுவதற்குள் மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தில் கொஞ்சம் தூசி படிந்தாலும் இன்ஜின் முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது.

பிராட்கேஜ் விஷயத்தில் இரண்டும் பொய் சொல்கின்றன. அசல் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ.; எச்.ஓ.வுக்கு 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். என் கண்ணை அது உறுத்தவில்லை.

நண்பர்களுக்குக் காட்டுவதென்றால் சின்னதுதான். போன மாதம் ஏற்காட்டில் மாமா வீட்டுக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோனேன். மலை ஈரத்தில் ஒட்டுப்பலகையின் ஓரம் மட்டும் உப்பிவிட்டது.