ஜனவரில ஏறக்குறைய பாதியா குறையுற ஆர்ஓ பிளான்ட்: நாலரை வருஷம் ஓட்டின அனுபவம்

கொடைக்கானல்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரில டயாலிசிஸ் ஆரம்பிக்கப் போறாங்களாம். அங்க சேர்ந்திருக்குற என் காலேஜ் ஜூனியர் போன வாரம் போன் பண்ணி, "அக்கா, குன்னூர்ல உங்ககிட்ட இருக்குற அதே கம்பெனிதான் இங்கயும் டயாலிசிஸ்க்குத் தண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓ பிளான்ட்டுக்கு கொட்டேஷன் குடுத்திருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டா. அன்னைக்குத்தான் எங்க பம்ப் சீல் போயிருந்துச்சு, இருந்த கோவத்துக்கு அவகிட்ட கத்திட்டேன், பாவம். இப்போ நிதானமா எழுதுறேன். கம்பெனி பேர் வேணாம், கீழ சமவெளில இருக்குறவங்க, அவ்ளோதான்.

எங்களோடது மணிக்கு 250 லிட்டர் பிளான்ட். சாண்ட் ஃபில்டர், தண்ணியோட கடினத்தன்மையை எடுக்குற சாஃப்ட்னர், குளோரினை எடுக்குற ரெண்டு கார்பன் டேங்க், அப்புறம் உப்பை வடிகட்டுற மெம்பரேன் (சவ்வு) இருக்குற ஆர்ஓ, எல்லா இடத்துலயும் இருக்குற செட்டப்தான். டயாலிசிஸ் மெஷின் அஞ்சு. ஒரு மெஷின் நிமிஷத்துக்கு அரை லிட்டர் இழுக்கும், நாலு மணி நேரத்துக்கு ஒரு பேஷண்டுக்கு 120 லிட்டர், அஞ்சுக்கும் சேத்து மணிக்கு 150. அப்போ 250ன்னா தாராளம்னு விக்க வந்தவர் கொட்டேஷன் பின்னாடியே பேனாவால கணக்கு போட்டு காமிச்சாரு, நாங்களும் தலையாட்டினோம்.

அந்த 250ங்கறது 25 டிகிரி தண்ணிக்குன்னு அவரும் சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தோணல. ஜனவரில விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க மொட்டைமாடி டேங்க் தண்ணி 10 டிகிரி இருக்கும், கை வச்சா விரல் மரத்துப் போகும். தண்ணி குளிர்ந்தா மெம்பரேன் வழியா நுழையறதுக்கே சண்டித்தனம் பண்ணும், ஒரு டிகிரி குறைஞ்சா ஏறக்குறைய 3 சதவீதம் வரத்து குறையும். தண்ணி வரத்தைக் காட்டுற ரோட்டாமீட்டர்ல மிதவை 145ல வந்து நிக்கும் பாருங்க, தட்டிப் பார்த்தாலும் ஏறாது. 150 வேணும், மெஷினைக் கழுவுற ரின்ஸ் ஓடும்போது அதுக்கும் மேல.

பெரிய டேங்கா வச்சு ராத்திரியே நிரப்பிடலாமேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஆர்ஓ தண்ணில குளோரின் துளி கூட கிடையாது, தேங்கி நின்னா கிருமி வளரும், அது நேரா டயாலிசிஸ்க்குத்தான் போகும்னு சொல்லி அதை நிறுத்தினேன். கடைசில ப்ரெஷரை ஏத்தி ஓட்டினோம், ரெண்டு வருஷம் தாங்குச்சு, இந்த ஜனவரில சீல் பிச்சுக்கிச்சு.

தண்ணி அளவு மட்டும் இல்ல. உள்ள வர்ற தண்ணியை மெஷின் உடம்பு சூட்டுக்கு, 37 டிகிரி பக்கம், கொண்டு வரணும். 10 டிகிரில உள்ள போனா அதோட ஹீட்டர் திணறுது, டெம்பரேச்சர் லோ அலாரம் கீங் கீங்னு அடிக்கும். முதல் ஷிஃப்டுக்கு கட்டபெட்டு பக்கத்துல இருந்து வர்ற படுகர் தாத்தா ஒருத்தர் மூணு கம்பளி போத்திக்கிட்டு "கண்ணு, உள்ளுக்குள்ளயே குளுருது"ன்னு சொல்லுவாரு. அலாரத்தை ஆஃப் பண்ணிடலாம், அவர் சொல்றதை என்ன பண்றது.

சரி, நல்லதையும் சொல்லணும். தண்ணி தரத்துல இந்த பிளான்ட் மேல ஒரு குறை சொல்ல முடியாது. குளிர்ல கம்மியா வந்தாலும் சுத்தமா வரும், உப்பு தாண்டி வர்றதும் குளிர்ல குறையும்ல, கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் 2ல நிக்கும். மாசாமாசம் எடுக்குற கல்ச்சர் (கிருமி டெஸ்ட்) இதுவரைக்கும் ஒரு தடவை கூட தப்பல. மழைக்காலத்துல குழாய்த் தண்ணில குளோரின் வாடை தூக்கலா வரும், அப்பவும் கார்பனுக்கு அப்புறம் டெஸ்ட் பண்ணினா குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு கீழதான். அது தாண்டினா பேஷண்டோட ரத்தச் சிவப்பணுவே உடையலாம், அதனால ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னாடியும் நானே பார்த்துதான் ஆரம்பிப்பேன், யாரையும் நம்புறதில்ல.

சாஃப்ட்னர் கதை தனி. எங்க ஊரு தண்ணி இயற்கையாவே மென்மையானது, ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 25 தான் காட்டும். சோப்பு ஒரு தடவை போட்டா நாலு தடவை அலசணும், அப்படிப்பட்ட ஊர்ல கீழ இருக்குற போர் தண்ணிக்குப் போடுற அதே டைமர் செட்டிங்ல, ரெண்டு நாளைக்கு ஒரு ரீஜெனரேஷன், அதாவது சாஃப்ட்னர்ல இருக்குற ரெசின் மணிகளை உப்புத் தண்ணியால கழுவிப் புதுசாக்குறது. உப்பு மூட்டை மூட்டையா போச்சு. நானா வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி வச்சேன். இதுல பனிமூட்டம் வந்தா பிரைன் டேங்க்ல (அந்த உப்புத் தண்ணி டேங்க்) உப்பு கல்லாயிடும், மேல பார்த்தா நிறைய இருக்கும், அடில வெறும் குகை, ரெசினுக்கு உப்பே போயிருக்காது. ஒரு மூங்கில் குச்சி வச்சிருக்கேன், இடிக்கிறதுக்குன்னே. இந்த ஊருக்கு சாஃப்ட்னரே தண்டம்னு ரெண்டு வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ஒரு மே மாசம் சீசன் கூட்டத்துல முனிசிபாலிட்டி தண்ணி வராம லாரில போர் தண்ணி இறக்கினாங்க பாருங்க, ஹார்ட்னஸ் 300க்கு மேல, அன்னைக்கு மெம்பரேனைக் காப்பாத்தினது அதுதான். அப்புறம் வாயை மூடிக்கிட்டேன்.

சர்வீஸ் பத்தி அதிகம் இல்ல. ஆள் தங்கமான ஆளு, ஆனா மழைல பர்லியார் பக்கம் மண் சரிஞ்சா கோத்தகிரி சுத்தித்தான் மேல வரணும், அன்னைக்கு வரமாட்டாரு. ஃபில்டர் காட்ரிட்ஜும் ஒரு பம்ப் சீலும் எப்பவும் கையில வச்சிருக்கணும். இந்த தடவை நான் வச்சிருக்கல, தப்பு என் மேலதான்.

இவ்ளோ நல்லா சொல்லிட்டு என்ன சொல்றேன்னா, வாங்காத. ஏப்ரல்ல கேட்டிருந்தா வாங்குன்னு சொல்லியிருப்பேன், அது வேற விஷயம். உங்க மேனேஜ்மென்ட் அதைத்தான் வாங்குவோம்னு நின்னா, டிசம்பர்லயோ ஜனவரிலயோ காலைல உங்க டேங்க் தண்ணில தெர்மாமீட்டர் போட்டுப் பாரு, அந்த டிகிரில மணிக்கு எத்தனை லிட்டர் வரும்னு கொட்டேஷன்லயே எழுதி கையெழுத்து வாங்கு. அப்புறம் மூங்கில் குச்சி ஒண்ணு வெட்டி வச்சுக்கோ. எனக்கு நாளைக்கு முதல் ஷிஃப்ட், நாலரைக்கே போய் மோட்டார் போடணும்.