காலடிப்பேட்டையிலிருந்து நியூரோ ஓபி வரை

லண்டனிலிருந்து வருகிறவர்கள் ஊரில் பல்லையும் கண்ணாடியையும் சரிசெய்துகொண்டு போவது வழக்கம். இந்த முறை எனக்கு வாய்த்தது மச்சானோடு மூளை டாக்டர்களைப் பார்க்கும் வேலை. எதிரே வரும் ஆட்டோ அவனுக்கு இரண்டாகத் தெரிந்தது, இடது கன்னம் மரத்துப்போனது. எம்ஆர்ஐ எடுத்தால் மூளைத்தண்டில், பான்ஸ் பகுதியில் கேவர்னோமா, கொஞ்சம் ரத்தக்கசிவு.

சுவர் மெலிந்த நுண் ரத்தக்குழாய்கள் கொத்தாகத் திரண்டு நிற்பதுதான் கேவர்னோமா. புற்று அல்ல. ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு மூளையில் எங்காவது இருக்கும். பலருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் சிக்காது, எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன் விஷயத்தில் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் எடுத்து மாலையில் ரிப்போர்ட். லண்டனில் அவசரமில்லை என்று எழுதிவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் படங்களைப் பதிந்த சிடி வட்டு கேட்டதற்கு, "ஃபிலிமே போதும் சார்" என்றார்கள். விடாதீர்கள். மெல்லிய வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க சிடி இருந்தால்தான் முடியும்.

அடுத்து ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சலர் பேக்கேஜ் தாளை நீட்டினார்: கீஹோல் சர்ஜரி, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அத்தை மயங்கிவிட்டார். "சின்ன ஓட்டைதானாம் மாப்ள, பண்ணிடலாமே!"

நான்தான் சென்னை ஜிஹெச்சுக்கும் போய்க் கேட்போம் என்றேன். 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய இடம். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து காலடிப்பேட்டையில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம், வண்டி மாற வேண்டியதில்லை. கூட்டத்துக்கு நடுவிலும் அந்த டாக்டர் சிடியைப் போட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

காதுக்குப் பின்னால் எலும்பில் திறப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சின்னது என்றால் அதுதான் சின்னது. உள்ளே இருப்பது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த தண்டு. கண், முகம், கை கால் எல்லாவற்றுக்குமான நரம்புகள் அதில் நெருக்கியடித்துப் போகின்றன. கட்டி மேற்பரப்பைத் தொட்டு நின்றால் அந்த இடத்தின் வழியாகவே நுழைந்து எடுக்கலாம். உள்ளே புதைந்திருந்தால் நல்ல திசுவை வெட்டித்தான் போக வேண்டும். ஸ்கேனை வைத்து வழிகாட்டும் நேவிகேஷன், நரம்பு மானிட்டர் எல்லாம் உதவும், ஆனாலும் ஆபத்து முழுக்கப் போகாது. பக்கத்தில் கிளைத்த சிரை இருந்தால் அதைத் தொடவே கூடாது. நல்ல திசுவின் ரத்தமும் அதன் வழியாகத்தான் வடிகிறது.

மச்சானுடையது ஆழத்தில் இருக்கிறது, கசிந்ததும் முதல் தடவை. "இப்ப கத்தி வேணாம். திரும்பக் கசிஞ்சு வெளிப்பக்கம் வந்தா யோசிக்கலாம்" என்றார். கத்தியில்லாமல் கதிர்வீச்சைக் குவித்துச் செலுத்தும் காமா நைஃப் பற்றிக் கேட்டேன். அதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லையாம்.

"பைக் ஓட்டலாமா சார்?" என்று மச்சான் கேட்டான்.

"ரோடு ஒண்ணா தெரியட்டும்பா."

மூன்று மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ. சிடியின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒன்று அத்தையின் பீரோவில். அந்தப் பேக்கேஜ் கவுன்சலர் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.